அந்தோனியாரின் பிளக்கும் எங்கள் பெட்டியும்

புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு உபயோகமாக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஓய்வு பெற்ற ஆளிடம் இப்படிக் கேட்பது ஆபத்து, எங்களுக்கு நிறுத்தத் தெரியாது. ஆனாலும் உங்களில் பாதிப் பேர், கணினித் திரையில் பச்சைச் சரி அடையாளத்தைக் கண்டதும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பாதிப் பேருக்காக எழுதுகிறேன். மற்றப் பாதிப் பேர் பச்சையைக்கூடப் பார்ப்பதில்லையாம், அவர்களைக் கடவுள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யுத்தம் முடிந்து சனம் ஊர்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். நானும் அப்படித் திரும்பியவள்தான். படகேறி ராமேஸ்வரம் போய், அகதி முகாமில் இருந்துகொண்டே கணினி படித்து, அந்தச் சான்றிதழோடு மன்னாருக்கு வந்து இறங்கியபோது, மீளக் குடியேறுபவர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. கணினி பழுதானாலும் நான்தான், மின்விசிறி சுற்றாவிட்டாலும் நான்தான், பணிப்பாளரின் கைத்தொலைபேசியில் மணிச் சத்தம் கேட்காவிட்டாலும் நான்தான். முகாமில் பழகிய இந்தியப் பேச்சு நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்ததால் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், எல்லாருக்கும் நான் ஒரு விளையாட்டுப் பொருள். 'பண்ணலாம்' என்று வாய் தவறிச் சொன்னால் நாலு மேசையிலிருந்தும் 'செய்யலாம்' என்று திருத்துவார்கள்.

எங்கள் கந்தோர், மன்னார்த் தீவில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட வாடகைக்கு எடுத்த ஒரு பழைய வீடு. சொந்தக்காரர்கள் வெளிநாட்டில். உள்ளறையில் ஓர் அலுமாரி, அதன் மேல் ஒரு றாத்தல் பாண் ரொட்டி அளவில் கறுப்புப் பெட்டி ஒன்று. ஒவ்வொரு நாளும் மத்தியானம் ஒரு மணிக்கு எங்கள் கணினிகள் எல்லாம் தங்களிடம் உள்ளவற்றைத் தாங்களாகவே அந்தப் பெட்டிக்குள் நகல் எடுத்து வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இரவில் செய்ய வழியில்லை. பணிப்பாளர் பின்னேரம் போகும்போது மெயின் சுவிட்சையே நிறுத்திவிட்டுத்தான் போவார். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் இதையெல்லாம் பொருத்திப் பூட்டிக் கொடுத்துவிட்டு, "இனி நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை, தானாகவே நடக்கும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். தானாகவே நடக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், பஸ் வருவதற்கு முன் அவருடைய தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

சில நாள் நடந்தது, சில நாள் நடக்கவில்லை. நடக்காத நாளில், பெட்டியைக் காணவில்லை என்று கணினி ஒரு மூலையில் சின்னதாக எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடும். முந்தின நாள் கிடைத்த பச்சை அடையாளம் மட்டும் அப்படியே இருக்கும். பகல் சாப்பாட்டுக்கு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவோம். திரும்பி வந்து பார்த்தால் பெட்டி நல்ல பிள்ளையாக விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நிற்கும். கையால் ஒருமுறை நகல் எடுத்துப் பார்த்தால் உடனே எடுக்கும். டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளைகள் இருக்கிறார்களே, அந்த வகை.

நான் வயரை மாற்றினேன். கடவுச்சொல்லை மாற்றினேன். பெட்டியின் முகவரியை நிரந்தரமாக்கினேன். இடையில் கறன்ற் போய் வந்திருக்கிறது என்று பெட்டியின் உள்பதிவு சொன்னது. மன்னாரில் கறன்ற் போய் வருவது ஒரு செய்தியா என்று அதை விட்டுவிட்டேன்.

பணிப்பாளருக்கு வேறு கொள்கை இருந்தது. அவர் நல்ல மனிதர், ஆனால் எல்லாப் பிரச்சினைக்கும் கழுதைதான் காரணம் என்று நம்புகிறவர். இந்தத் தீவில் மட்டும் தெருவெல்லாம் திரிகிற கழுதைகள் வெயில் ஏறியதும் எங்கள் பின்சுவர் நிழலுக்கு வந்து நிற்கும், சுவரோடு முதுகைத் தேய்க்கும். அந்தச் சுவரில்தான் எங்கள் வலையமைப்பு வயர் போகிறது. "மிஸ், வயரைக் கழுதை ஆட்டுது. அதுதான் விட்டு விட்டு வருது," என்றார். வயர் சுவரின் உள்பக்கம் போகிறது என்று நான் சொன்னேன். கழுதையின் பலம் எனக்குத் தெரியாது என்று அவர் சொன்னார். அன்றிலிருந்து காவலாளிக்கு மத்தியானத்தில் கழுதை விரட்டுகிற வேலையும் சேர்ந்தது.

இப்போது இரண்டு பேரை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒருவர் ஜவாஹிர், வெளிக்கள உத்தியோகத்தர். புத்தளத்தில் வளர்ந்து குடும்பத்தோடு, பாலத்துக்கு அப்பால் பெருநிலத்தில் இருக்கிற முசலிப் பக்கம் திரும்பி வந்தவர். காடு மண்டிக் கிடந்த பழைய காணிகளை புல்டோசர் வந்து வெட்டித் துப்புரவாக்குவதற்கு முன், அங்கே மிச்சமிருந்த அத்திவாரம், கிணறு, பெரிய மரம் எல்லாவற்றையும் படம் எடுத்து வருவது அவருடைய வேலை. காணி உறுதிப் பத்திரத்தைத் தொலைத்துவிட்டு வந்தவர்களுக்கு அந்தப் படம்தான் சாட்சி. புல்டோசர் போன பிறகு எல்லாக் காணியும் ஒரே செம்மண் வெளி, யாருடையது எது என்று மண் சொல்லாது.

மற்றவர் பிலோமினா அக்கா. கந்தோரில் தேத்தண்ணி போடுவதும் அறைகளைக் கூட்டுவதும் சாவிக்கொத்தை வைத்திருப்பதும் அவர்தான். என்னைப்போல முகாமிலிருந்து வந்தவர். கணவர் அங்கேயே காலமாகிவிட்டார். பள்ளிமுனையில் தங்கச்சி வீட்டில் ஓர் ஓரமாக இருந்துகொண்டு, முசலிக் கரையில் இருந்த தன் காணிக்காகக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். பக்கத்துக் காணிக்காரர் அங்கிருந்த கிணறு தங்கள் எல்லைக்குள் வருகிறது என்று சொல்லிவிட்டார். கிணறு போனால் எல்லை போகும், எல்லை போனால் வீடு கட்ட இடம் இல்லை. அந்தக் கிணற்றையும் ஜவாஹிர் ஒரு திங்கட்கிழமை படம் எடுத்து வந்தார். பின்னேரம் கந்தோருக்கு வந்து தன் கணினியில் ஏற்றிவிட்டு, கமராவில் இருந்ததை அழித்தார். அடுத்த நாளே புல்டோசர் அந்தப் பக்கம் இறங்கிவிட்டது.

புதன் காலை ஜவாஹிரின் கணினி கடக், கடக் என்று இரண்டு சத்தம் போட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்கும் நாள் வரும். அன்றைக்கு வன்தட்டு செத்துவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள்.

நான் உள்ளறைக்கு ஓடினேன். பெட்டியில் ஜவாஹிரின் கடைசி நகல் திங்கள் மத்தியானத்தோடு நின்றிருந்தது. செவ்வாய் நகல் இல்லை. எல்லாக் கிணறும் எல்லா அத்திவாரமும் அந்த இடைவெளிக்குள் விழுந்துவிட்டன. வெள்ளிக்கிழமை கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், காணிக் கூட்டம்.

வெளியே வந்தபோது முற்றத்தில் மோட்டார் சைக்கிள் இரைந்தது. பணிப்பாளர் வேகமாக முடிவெடுத்திருந்தார். "ஜவாஹிர், உடனை போம். மிச்சம் மீதி என்ன கிடக்குதோ எல்லாத்தையும் திருப்பிப் படம் எடுத்துக்கொண்டு வாரும்."

நான் போய் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் நின்றேன். "கமராவைத் தாங்கோ."

"மிஸ், கமரா இல்லாமல் நான் அங்கை போய் என்ன செய்யிறது?"

"ஒண்டும் செய்யக் கூடாது. இனி ஒரு படமும் எடுக்கக் கூடாது. தாங்கோ."

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் கொஞ்சம் கவனமாக வாசிக்க வேண்டும். கமராவில் அழித்த படம் உடனே போய்விடுவதில்லை. அது இருந்த இடம் காலி என்று கமரா குறித்துவைக்கும், அவ்வளவுதான். படம் அங்கேயேதான் கிடக்கும். அதற்கு மேல் புதுப் படம் எடுத்தால்தான் பழையது உண்மையில் அழியும். ஆபத்து நேரத்தில் நல்ல மனிதர்கள் எல்லாரும் ஏதாவது செய்யத் துடிப்பார்கள். உங்கள் வேலை பல வேளைகளில் அவர்களைச் செய்யவிடாமல் பிடித்துவைப்பது. அதற்கு நன்றி கிடைக்காது. பணிப்பாளர் என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த மாதம் எனக்கு வேலை இருக்குமா என்ற சந்தேகம் வந்தது.

"இதிலை திங்கட்கிழமைக்குப் பிறகு ஏதாவது படம் எடுத்தீங்களோ?" என்று ஜவாஹிரைக் கேட்டேன்.

அவர் பணிப்பாளரைப் பார்த்தார். பணிப்பாளர் வேலியைப் பார்த்தார்.

"நேற்றுப் பின்னேரம் சேர் எடுக்கச் சொன்னவர், மிஸ். நகரசபைக்குக் காட்டவெண்டு."

"என்ன படம்?"

"கழுதை."

நான் கையை நீட்டிக் கமராவை வாங்கினேன். கமராவுக்குள் இருந்த சின்ன அட்டையைக் கழற்றி என் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். அந்தக் கந்தோரில் என்னைத் தவிர வேறு யாரும் திறக்காத ஒரே பொருள் அதுதான்.

அன்று பகல் நான் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகவில்லை. உள்ளறையில், அலுமாரிக்குப் பின்னால் தரையில் குளிர்ச்சியாக இருக்கும். அங்கே மடிக்கணினியோடு உட்கார்ந்து, அழிந்த படங்களைத் தேடும் மென்பொருளை அட்டையில் ஓடவிட்டேன். அது ஆமையைப்போல ஊர்ந்தது. கந்தோர் வெறுமையாகிவிட்டது. சிறிது நேரத்தில் கதவு திறந்து பிலோமினா அக்கா உள்ளே வந்தார். நான் இருந்தது அவருக்குத் தெரியவில்லை.

அந்த அறைச் சுவரில் ஒரு சின்ன மாடம் இருந்தது. வீட்டுக்காரர் விட்டுப்போன புனித அந்தோனியார் சுரூபம், ஒரு சின்னச் சிலை, அதற்குள் நின்றது. சுற்றிவர வண்ண பல்ப் மாலை. அதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். நான் சைவ சமயம் என்பதால், அது அவர்கள் விஷயம் என்று மரியாதையோடு பார்த்துவிட்டுப் போய்விடுவேன். அக்கா சிலுவை அடையாளம் போட்டார். தழுதழுத்த குரலில், "அந்தோனியாரே, துலைஞ்சதைத் தேடித் தாறவரே, என்ரை கிணத்தை எடுத்துத் தாரும்" என்றார். பிறகு குனிந்து, எங்கள் கறுப்புப் பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றினார். அந்த இடத்தில் பல்ப் மாலையின் பிளக்கைச் செருகினார். அந்தோனியார் சிவப்பும் பச்சையுமாக ஒளிர்ந்தார். அலுமாரி மேல் பெட்டி அணைந்தது.

நான் அலுமாரிக்குப் பின்னாலிருந்து எழுந்தேன். "அக்கா, என்ன பண்ணுறீங்கள்?"

அவர் திடுக்கிட்டு நெஞ்சில் கையை வைத்தார். மூச்சு வந்ததும் முதல் வேலையாக, "செய்யிறீங்கள் எண்டு சொல்லுங்கோ, மிஸ்" என்றார்.

"அந்தப் பிளக்கை ஏன் கழட்டினீங்கள்?"

"செபம் முடியுமட்டும்தான் மிஸ். பிறகு போட்டுடுவன். எப்பவும் மறக்காமல் போட்டுடுவன்."

"எப்பவும் எண்டா?"

"செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு. புதன் சதா சகாய மாதாவுக்கு, உடம்பு ஏலாட்டி விட்டுடுவன். மாதத்திலை முதல் வெள்ளி. பிறகு செத்துப்போன ஆற்றையேன் நினைவுநாள் வந்தா அண்டைக்கும்."

நான் மாதக்கணக்காகத் தேடிய ஒழுங்கு இதுதான். பெரிய பொறியியலாளர்களைக் கூட்டிவந்து இருத்தினாலும், 'உடம்பு ஏலாட்டி விட்டுடுவன்' என்பதைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

"மெழுகுதிரி கொளுத்தியிருக்கலாமே, அக்கா."

"பைலுகள் எரிஞ்சுபோமெண்டு சேர்தானே மெழுகுதிரி கூடாதெண்டவர்."

"அதுக்காக எங்கட பெட்டின்ரை பிளக்கையோ கழட்டுறது?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "உங்கட பெட்டின்ரை பிளக் பொயின்ற் இல்லை மிஸ் இது. வீட்டுக்காரர் சுரூபத்துக்கெண்டு சுவரிலை அடிச்சுவைச்சது. அந்தோனியார்தான் இதிலை முதல் இருந்தவர். உங்கட பெட்டி பிறகு வந்தது. நான் ஒண்டும் சொல்லேல்லை, இருக்கட்டுமெண்டு விட்டனான்."

நான் சுவரில் இருந்த அந்த இடத்தை மறுபடி பார்த்தேன். யார் முதலில் இருந்தது, யார் பிறகு வந்தது என்றுதானே அவர் கந்தோர் கந்தோராகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அந்தோனியாரும் ஒரு வகையில் இடம் பறிபோன ஆள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நேற்றைய செபம்தான் இன்றைக்குப் படம் இல்லாமல் போனதற்குக் காரணம் என்று அவருக்குச் சொல்வதா விடுவதா என்று யோசித்தேன். சொல்லாவிட்டால் அடுத்த செவ்வாயும் கழற்றுவார். பணிப்பாளர் வாயால் கேட்டால் இன்னும் நோகும். ஆகவே சொன்னேன், முடிந்தவரை மெதுவாக. அவர் பெட்டியையும் பிளக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நானே என்ரை கிணத்தை மூடிப்போட்டனோ, மிஸ்?"

நான் அவருடைய கையைப் பிடித்தேன். "இல்லை அக்கா. இந்தப் பிளக் பொயின்ற் ஆருக்குரியது எண்டு ஒருத்தரும் உங்களைக் கேக்கேல்லை. கேக்காமல் பெட்டியைக் கொண்டுவந்து வைச்சவைதான் பிழை."

அவர் பல்ப் மாலையைக் கழற்றப் போனார். நான் தடுத்தேன். மடிக்கணினி தன் சொந்தப் பற்றரியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. "எரியட்டும். இண்டைக்கு எனக்கும் அவரின்ரை உதவி தேவை" என்றேன். அக்கா பக்கத்தில் வந்து தரையில் இருந்துகொண்டார்.

படங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. முதலில் வந்தவை எல்லாம் கழுதைகள். முகம் காட்டியவை, முதுகு காட்டியவை, சுவரில் தேய்த்துக்கொண்டு கண்ணை மூடி இன்பத்தில் நின்ற ஒன்று. ஒரு குறையும் இல்லாமல் துல்லியமாக இருந்தன. பிறகு யாருடையவோ ஓர் அத்திவாரம். ஒரு புளியமரம். இன்னொரு அத்திவாரம். சில படங்கள் திறக்கவே இல்லை. அக்காவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

அதற்குப் பிறகு கிணறு வந்தது. மேல் பாதி மட்டும். பற்றைக் காட்டுக்கு நடுவே கிணற்றுக்கட்டின் விளிம்பு தெரிந்தது. சீமெந்தில் முத்துச் சிப்பி ஓடுகளைப் பதித்துச் செய்த ஒரு சிலுவை. கீழ்ப் பாதியில் ஒரு சாம்பல் கோடு, அதற்குக் கீழே, புதுப் படம் ஏறிவிட்ட இடத்தில், கழுதையின் நாலு கால்கள்.

அக்கா கையை வாயில் பொத்திக்கொண்டார். "என்ரை அவர்தான் பதிச்சவர், மிஸ். கலியாணம் கட்டின வருசம். சிப்பியெல்லாம் நான் கழுவிக் கழுவிக் குடுத்தனான்." கொஞ்சம் அழுதார், நானும்தான். பிறகு திரையை உற்றுப் பார்த்து, "அந்தோனியார் பாதியைத் தந்திட்டார். பிளக் கழட்டினதுக்கு மற்றப் பாதியை வைச்சிருக்கிறார்" என்றார்.

இல்லை அக்கா, மற்றப் பாதி சேரின் கழுதைகளிடம் இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பணிப்பாளர் வந்து படத்தைப் பார்த்தார். கால்களையும் பார்த்தார். "கீழ்ப் பாதியை வெட்டிப்போட்டுக் குடுப்பம்" என்றார், கொஞ்சம் தணிந்த குரலில்.

"வெட்டக் கூடாது சேர். வெட்டின படத்தைக் கண்டா, ஏன் வெட்டினது எண்டு கேப்பினம். இப்பிடியே குடுப்பம். நடந்ததை நான் வந்து சொல்லுறன்."

வெள்ளிக்கிழமை கச்சேரியில் கூட்டம். காணி அதிகாரி வயதான, அவசரப்படாத மனிதர். படத்தை எடுப்பதற்கு முன் பக்கத்துக் காணிக்காரரிடம், கிணற்றுக்கட்டு எப்படி இருந்தது என்று கேட்டார். "கட்டெண்டா சீமெந்துக் கட்டுத்தான் ஐயா, எல்லாரிட்டையும் இருக்கிற மாதிரி" என்றார் அவர். பிறகு அதிகாரி அக்காவிடம் அதையே கேட்டார். அக்கா சிப்பிச் சிலுவையைச் சொன்னார், அதில் ஓர் ஓடு உடைந்திருந்ததையும் அது சிலுவையின் எந்தக் கையில் என்றும் சொன்னார். அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். உடைந்த ஓடு அக்கா சொன்ன இடத்தில் இருந்தது. பக்கத்துக் காணிக்காரரும் எட்டிப் பார்த்தார். "அப்ப நான் நினைச்சது அங்காலை இருந்த மற்றக் கிணறாக்கும்" என்று தலையைச் சொறிந்தார்.

அதிகாரி படத்தைக் கீழே வைக்கவில்லை. "எல்லாம் சரி. இதென்ன கால்?"

நான் விளக்க எழுந்தேன். அட்டை, அழிந்த இடம், மேலே எழுதப்பட்டது என்று என் முகாம் தமிழில் தொடங்கினேன். அவர் பாதியிலேயே களைத்துவிட்டார். "பிள்ளை, அது விளங்குது. தீவுக்குள்ளைதானே கழுதை. முசலிக் காணியிலை எப்பிடிக் கழுதை வந்தது எண்டுதான் கேக்கிறன்."

நான் மறுபடி தொடங்குவதற்குள் அக்கா வாயைத் திறந்தார். "நாங்கள் ராமேஸ்வரத்தாலை கடலைத் தாண்டித் திரும்பி வரலாமெண்டா, ஐயா, ஒரு கழுதை பாலத்தாலை நடந்து வரேலாதோ?"

அறை முழுவதும் சிரித்தது. பணிப்பாளர் மட்டும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதிகாரி சிரித்து முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

அன்று பின்னேரமே மின்வேலைக்காரரைக் கூப்பிட்டு, பெட்டியை முன்னறைக்கு மாற்றி அதற்கென்று தனிப் பிளக் பொயின்ற் அடிப்பித்தேன். உள்ளறைப் பிளக் பொயின்றை அந்தோனியாருக்கே திருப்பிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு நகல் ஒரு நாளும் தவறவில்லை. மாதத்தில் ஒருமுறை ஏதாவது ஒரு கோப்பை வேண்டுமென்றே மறைத்துவைத்து, பெட்டியிலிருந்து அதைத் திருப்பி எடுக்க முடிகிறதா என்றும் பார்த்தேன். உள்ளே போனது பெரிய விஷயமில்லை, திரும்பி வருகிறதா என்று பாருங்கள். இதை அகதியாய்ப் போய் வந்தவள் சொல்கிறேன். பணிப்பாளர் பிறகு கழுதைகளைப் பற்றிப் பேசியதேயில்லை. கறன்ற் போனால் மட்டும் பழக்கதோஷத்தில் ஜன்னலால் ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

பழுது பார்க்க எங்கே போனாலும், உங்கள் பெட்டிக்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று ஒருமுறை கேளுங்கள். பழுது நடக்கிற நேரத்தில் அங்கே இருங்கள். உங்களுக்கு வசதியான நேரத்தில் போய்ப் பார்த்தால் எல்லா இயந்திரமும் நல்ல பிள்ளைதான்.

அக்காவின் வீடு கட்டி முடிந்து குடிபுகுந்த அன்று என்னையும் கூப்பிட்டார். கிணற்றைத் திருப்பித் தோண்டியிருந்தார்கள், சுற்றுக்கட்டிலே புதுச் சிப்பிகள் மினுங்கின. பங்குச் சுவாமி வந்து வீட்டை ஆசீர்வதித்து மந்திரித்துவிட்டுப் போன பிறகு, அக்கா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். சுவரில் அந்தோனியாருக்கு ஒரு மாடம், அதற்குக் கீழே பல்ப் மாலையின் பிளக். அதற்குப் பக்கத்தில் ஒன்றும் செருகாத இன்னொரு பிளக் பொயின்ற்.

"இது ஆருக்கு அக்கா?" என்று கேட்டேன்.

"உங்கட பெட்டியை மாதிரி ஆராவது பிறகு வந்தா," என்றார். "எழும்பு எண்டு ஒருத்தருக்கும் சொல்லாமல் இருக்கலாமெல்லோ, மிஸ்."